கழகம் யாருக்குச் சொந்தம்? ஈஸ்ட் பெங்காலின் நூற்றாண்டு

உதைபந்தின் மக்கள் வரலாறு – 9

1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் கழகம் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். வெள்ளையர் மட்டுமே வெல்லக்கூடிய ஆட்டம் என்ற எண்ணத்தை அந்த ஒரு மாலை உடைத்தது. ஆனால் வங்காளிகள் எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட வெற்றி என்று அதைச் சொல்லிவிட முடியாது. பத்மா ஆற்றுக்கு அப்பாலிருந்து, டாக்கா, மைமன்சிங், பரிசால் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்குப் படிக்கவும் பிழைக்கவும் வந்தவர்கள் அந்த நகரத்தில் அந்நியராகவே பார்க்கப்பட்டார்கள். அவர்களுடைய பேச்சும் சாப்பாடும் கேலிக்கு உள்ளாயின. அவர்கள் பெயரால் எழுந்த ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் கதையை இந்தப் பகுதி சொல்கிறது. இந்தக் கதையிலிருந்து நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். ஒரு கழகத்தைத் தொடங்கியவர்கள் மறைந்துபோவார்கள். அதற்காக ஆடியவர்கள் வந்து போவார்கள். பணம் போட்டவர்களும் மாறுவார்கள். அதைத் தமதென்று வரித்துக்கொண்ட மக்களே கடைசிவரை நிற்கிறார்கள். அந்த மக்களின் பங்கு எழுத்திலும் நிர்வாகத்திலும் உரிய காலத்தில் உறுதியாகாவிட்டால், எவ்வளவு பெருமை வாய்ந்த கழகமும் தடுமாறும். ஈஸ்ட் பெங்காலின் கடந்த சில ஆண்டுகளின் தடுமாற்றம் அதற்குச் சான்று.

கழகம் பிறந்தது ஓர் அவமானத்திலிருந்து. 1920 ஜூலை 28 அன்று கூச் பிகார் கிண்ணப் போட்டியில் ஜோராபகான் அணி மோகன் பகானை எதிர்த்து ஆட இறங்கியது. ஜோராபகானின் பின்கள வீரர் சைலேஷ் போஸ் காரணம் சொல்லப்படாமல் அணியிலிருந்து நீக்கப்பட்டார். கழகத்தின் துணைத் தலைவரான சுரேஷ் சந்திர சௌத்ரி அவரைச் சேர்க்கும்படி வற்புறுத்தினார், நிர்வாகம் இணங்கவில்லை. கிழக்கு வங்கத்தவர் என்பதாலேயே போஸ் ஒதுக்கப்பட்டார் என்று கருதிய சௌத்ரி ஜோராபகானை விட்டு வெளியேறினார். நான்கே நாட்களில், ஓகஸ்ட் 1ஆம் தேதி, ராஜா மன்மத நாத் சௌத்ரி, ரமேஷ் சந்திர சென், அரவிந்த கோஷ் ஆகியோருடன் சேர்ந்து புதிய கழகத்தை நிறுவினார். இவர்கள் ஏழைகள் அல்லர். சுரேஷ் சௌத்ரி தாங்காயில் பகுதியின் ஜமீன்தார் குடும்பத்தவர். நிலமும் செல்வாக்கும் உள்ளவர்கள் தமக்கு நேர்ந்த அவமரியாதைக்குக் கொடுத்த பதிலாகவே ஈஸ்ட் பெங்கால் உருவானது. அகதிகளோ தொழிலாளரோ இதைத் தொடங்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவைப்பது அவசியம். கழகத்தின் பிற்காலக் கதையை அதன் பிறப்பின்மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது.

பிறந்த சில ஆண்டுகளிலேயே கழகம் ஒரு விதியோடு மோத நேர்ந்தது. கல்கத்தா லீக்கின் முதல் பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் ஆடக்கூடாது என்பது அன்றைய நடைமுறை. மோகன் பகானும் ஆரியன் கழகமும் அந்த இரண்டு இடங்களிலும் ஏற்கெனவே இருந்தன. இரண்டாம் பிரிவில் தகுதி பெற்ற ஈஸ்ட் பெங்கால் கதவைத் தட்டியபோது அந்த விதியே கேள்விக்குள்ளாகி நீக்கப்பட்டது. 1925இல் கழகம் முதல் பிரிவில் ஆடியது. பின்னால் வந்த எத்தனையோ இந்தியக் கழகங்கள் நுழைந்தது அப்படித் திறந்த வாசலால்தான். ஆனாலும் முதல் லீக் பட்டத்துக்கு 1942 வரையும், முதல் ஐ.எஃப்.ஏ. கேடயத்துக்கு 1943 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஈஸ்ட் பெங்கால் நல்லதொரு கழகம். ஒரு மக்கள் கூட்டத்தின் உயிர்நாடி என்று சொல்லத்தக்கதாக அது இன்னும் ஆகவில்லை.

அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது 1947. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கம் பாகிஸ்தானுக்குப் போனது. கழகத்தின் பெயரில் இருந்த நாடே வரைபடத்தில் எல்லைக்கு அப்பால் நின்றது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் சீல்டா ரயில் நிலையத்தில் வந்திறங்கின. நடைபாதைகளிலும், கைவிடப்பட்ட இராணுவக் கொட்டகைகளிலும், நகரத்தின் தெற்கே ஜாதவ்பூர், பிஜோய்கர் பக்கத்து வெற்று நிலங்களிலும் குடிசை போட்டார்கள். அந்தக் குடியிருப்புகள் பலவற்றுக்கு அரசாங்க அனுமதி இல்லை. காணிக்கு உறுதி இல்லை. பிறந்த ஊரின் பெயரைச் சொன்னால் பரிகாசம், சொல்லாவிட்டால் தன்னையே மறைத்த குற்றவுணர்வு. அப்படிப்பட்டவர்களுக்கு, இழந்த நாட்டின் பெயரை நகரத்தின் நடுவே உரத்துச் சொல்லக்கூடிய இடம் மைதானம் ஒன்றுதான் இருந்தது. ஜமீன்தார்கள் தொடங்கிய கழகத்தைக் குடிசைவாசிகள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர்கள் வந்து நின்றதாலேயே அது அவர்களுடையதானது.

இதே காலத்தில் கழகத்தின் முன்வரிசையில் ஆடியவர்களைப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் வலுப்பெறும். 1949 முதல் 1953 வரை கல்கத்தா கொண்டாடிய 'பஞ்ச பாண்டவர்' ஐவர்: அகமது கான், அப்பா ராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ். ஐவரும் தென்னிந்தியர். கிழக்கு வங்கத்தவரோ, வங்காளியோ ஒருவரும் இல்லை. பெங்களூரின் அகமது கான் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணியில் இருந்தவர். 1951இல் புதுடில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தவர். 1949இல் கழகம் லீக் பட்டம், ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கிண்ணம் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றது. 1951இலும் 1952இலும் டுரண்ட் கிண்ணத்தை வென்றது. சீல்டாவில் வந்திறங்கிய அகதிக்கு வெங்கடேஷின் தாய்மொழி தெரியாது. வெங்கடேஷுக்கு அந்த அகதியின் ஊர் தெரியாது. ஆயினும் அந்தச் சிவப்பு–பொன்நிறச் சட்டை இருவரையும் ஒன்றாக்கியது. ஆக, கழகத்தின் உயிர் நிறுவியவரின் குலத்திலும் இல்லை, ஆடுபவரின் பிறப்பிலும் இல்லை என்பது 1950களிலேயே நிரூபணமாகிவிட்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். மக்களின் பற்று என்று புகழ்வது உண்மையில் பகையை வளர்த்ததல்லவா? ஊரவன், வந்தவன் என்ற பிளவை ஆண்டுக்கணக்காக உயிரோடு வைத்திருந்தது இந்தப் போட்டிதானே? இந்த ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. 1980 ஓகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஆடிக்கொண்டிருந்தபோது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அந்த நாளைக் கல்கத்தா இன்றும் நினைவுகூர்கிறது. எந்தக் கிண்ணமும் அதற்கு ஈடல்ல. ஆனால் அன்றைய இழப்பை ஆராய்ந்தால், எதிரெதிர் ரசிகர்களைப் பிரித்து அமர்த்தாத ஏற்பாடும் போதாத பாதுகாப்பும் கண்ணுக்குத் தெரியும். பற்று இருந்ததால் மட்டும் அந்த மரணங்கள் நேரவில்லை. பற்றைக் கையாளும் பொறுப்பு நிர்வாகத்துக்கு இருந்தும் அது நிறைவேற்றப்படாததால் நேர்ந்தன. அந்தப் பிளவை உதைபந்தாட்டம் உண்டாக்கவும் இல்லை. வீடு, வேலை, திருமணம் எல்லாவற்றிலும் இருந்த பிரிவினைக்கு வாரம் ஒருமுறை தொண்ணூறு நிமிடம் விதிகளோடு வெளிப்பட ஓர் இடத்தை மைதானம் கொடுத்தது. இரு தரப்புப் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள், ஒரே குடும்பத்தில் மணம் முடிக்கிறார்கள்; போட்டி நாளில் மட்டும் எதிரெதிரே அமர்கிறார்கள்.

1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறை கல்கத்தா லீக்கை வென்றது கழகத்தின் பொற்காலம். 1970இல் டெஹ்ரானின் பாஸ் கழகத்தை 1-0 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை எடுத்தது. இடையில் 1971 போரின்போது கிழக்கிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். கழகத்தின் பெயர் மறுபடியும் செய்திகளின் பெயராயிற்று. 1975 செப்டம்பர் 30 அன்று கேடய இறுதிப் போட்டியில் மோகன் பகானை 5-0 என்று வென்றது இன்றுவரை பேசப்படும் கணக்கு. 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் ஃபெடரேஷன் கிண்ண அரையிறுதியைப் பார்க்க 1,31,781 பேர் திரண்டார்கள். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4-1 என்று வென்றது. 2003இல் சுபாஷ் பௌமிக் பயிற்றுவித்த அணி ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பெக் தேரோ சாசனாவை 3-1 என்று வென்று ஆசியான் கழகக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. தேசிய லீக்கை 2000–01, 2002–03, 2003–04 என மூன்று முறை வென்றது. இந்த வெற்றிகளெல்லாம் வந்தது, உறுப்பினர்கள் சந்தா கட்டி, நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து, சட்டையில் விளம்பரம் போடுபவரிடம் பணம் வாங்கி நடத்திய பழைய ஏற்பாட்டில். 1998இலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் கிங்ஃபிஷர் நிறுவனம் துணைநின்றது.

அந்த ஏற்பாடு காலத்துக்குப் போதாததாயிற்று. 2014இல் தொடங்கிய இந்திய சுப்பர் லீக் பணத்தின் அளவையே மாற்றிவிட்டது. சட்டையில் பெயர் போட்டதோடு திருப்தியடையும் புரவலர் போய், கழகத்தின் பெரும்பங்கைக் கேட்கும் முதலீட்டாளர் வந்தார். 2018இல் குவெஸ் நிறுவனம் வந்தது. இரண்டு ஆண்டில் விலகியது. 2020இல் ஸ்ரீ சிமெண்ட் வந்தது. பூர்வாங்க உடன்படிக்கை கையெழுத்தானது. இறுதி ஒப்பந்தத்தில் உறுப்பினரின் உரிமைகள் பறிபோகின்றன என்று சொல்லிக் கழக நிர்வாகம் கையெழுத்திட மறுத்தது. 2021 ஜூலையில் கழக வாசலில் ரசிகர்கள் திரண்டு போராடினார்கள். பொலிஸார் தடியடி நடத்தினார்கள். முதலமைச்சர் மம்தா பானர்ஜி தலையிட்ட பின்னரே, ஓகஸ்ட் கடைசியில், அந்தப் பருவத்தில் ஆடுவது உறுதியாயிற்று. 2022இல் ஸ்ரீ சிமெண்ட் விலகியது; ஓகஸ்ட் தொடக்கத்தில் எமாமி குழுமத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. நான்கு ஆண்டில் மூன்று பங்காளிகள்.

இதன் விளைவை லீக் பட்டியலில் அப்படியே படிக்கலாம். 2020–21இல் கழகம் லீக்கில் சேர்வது செப்டம்பர் கடைசியில்தான் அறிவிக்கப்பட்டது. நவம்பரில் போட்டி தொடங்கியது. நல்ல வீரர்களை மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு அமைந்த அணி 20 ஆட்டங்களில் 17 புள்ளி பெற்று ஒன்பதாவதாக வந்தது. ஒப்பந்தச் சண்டையில் கோடை முழுவதும் கழிந்த 2021–22இல் 20 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, 11 புள்ளி, கடைசி இடம். 2022–23இல் 20 ஆட்டங்களில் 19 புள்ளி. எமாமியின் ஏற்பாடு நிலைத்து, பயிற்றுவிப்பாளர் கார்லெஸ் குவாட்ராட் பருவத்துக்கு வெகு முன்பே நியமிக்கப்பட்ட 2023–24இல் 22 ஆட்டங்களில் 24 புள்ளி. 2024–25இல் 24 ஆட்டங்களில் 28 புள்ளி. இந்த மூன்று ஆண்டுகளிலும் இடம் ஒன்பதுதான். அதைப் பார்த்து எதுவும் மாறவில்லை என்பவர்கள் புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஆட்டத்துக்கு 0.85, 0.55, 0.95, 1.09, 1.17 என்று கணக்கு போகிறது. சண்டை உச்சத்தில் இருந்த ஆண்டில் அடிமட்டம். சண்டை ஓய்ந்தபின் ஆண்டுக்கு ஆண்டு ஏற்றம். லீக்கில் அணிகள் 11இலிருந்து 13ஆகக் கூடியதும், புதிதாக வந்தவை சில பலவீனமாக இருந்ததும் இந்த ஏற்றத்துக்கு ஓரளவு உதவின என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுவதையும் அதில் போட்டுவிட முடியாது. 2024 ஜனவரியில் புவனேஸ்வரில் ஒடிசா அணியை மேலதிக நேரத்தில் 3-2 என்று வென்று சுப்பர் கிண்ணத்தை எடுத்தது, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த முதல் தேசியக் கிண்ணம். அதே குவாட்ராட் 2024–25இன் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றுப் பதவி விலகினார். முதல் ஆறு ஆட்டங்களிலும் கழகம் தோற்றது. இடையில் பொறுப்பேற்ற ஆஸ்கர் புருசோன் அணியை மீட்டார். ஒரு கிண்ணம் வென்றதாலேயே எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கும் அந்தப் பருவம் சாட்சி.

இனி மிக வலுவான ஆட்சேபம். எதிரியான மோகன் பகான் 2020இல் தன் பெரும்பங்கைக் கொடுத்து, சுப்பர் லீக்கில் ஆடிவந்த ஏ.டி.கே. கழகத்தோடு இணைந்தது. 2022–23இல் சம்பியன் கிண்ணம், 2023–24இல் லீக் கேடயம், 2024–25இல் இரண்டும். அப்படியானால் உறுப்பினர் உரிமை என்று பேசியவர்கள் ஈஸ்ட் பெங்காலைக் கெடுத்தார்கள், உரிமையைக் கொடுத்தவர்கள் வென்றார்கள் என்றுதானே ஆகும்? இந்தக் கேள்வியை நேராகச் சந்திக்க வேண்டும். மோகன் பகான் வென்றதில் பணத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அங்கே முடிவு ஒரே தடவையில், தெளிவாக, பருவத்துக்கு முன்னரே எடுக்கப்பட்டது. அங்கேயும் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கழகத்தின் பெயரோடு ஒட்டிய ஏ.டி.கே. என்ற எழுத்துகளை நீக்கச் சொல்லி மூன்று ஆண்டு போராடினார்கள். 2023இல் உரிமையாளர் இணங்கிப் பெயரை மாற்றினார். மாற்றிய பிறகு வெற்றி குறையவில்லை, கூடியது. ஆக, மக்கள் உரிமைக்கும் வெற்றிக்கும் பகை இல்லை. ஈஸ்ட் பெங்காலை வீழ்த்தியது உரிமைக் கோரிக்கை அல்ல, முடிவெடுக்காமை. அதில் முதலீட்டாளருக்கும் பொறுப்பு உண்டு. தங்கள் பதவியையும் உறுப்பினர் உரிமையையும் ஒன்றாகக் கலந்து பேசிய நிர்வாகக் குழுவுக்கும் பொறுப்பு உண்டு. பூர்வாங்க உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகு இறுதி ஒப்பந்தத்தில் விழித்துக்கொள்வது உறுப்பினரைக் காப்பதாகாது. ஜெர்மனியில் கழகங்கள் முதலீட்டாளரை அனுமதித்தாலும் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினரிடமே இருக்க வேண்டும் என்ற பொது விதி 1998இலிருந்து நடைமுறையில் உள்ளது. விதி முன்கூட்டியே இருப்பதால் அங்கே ஒவ்வொரு கோடையிலும் வாசலில் தடியடி நடப்பதில்லை.

ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்கள் அணி ஒன்பதாம் இடத்தில் நின்ற அதே 2024–25 பருவத்தில் ஈஸ்ட் பெங்காலின் பெண்கள் அணி இந்திய மகளிர் லீக்கில் சம்பியனாயிற்று. ஆண்கள் கடைசியாகத் தேசிய லீக்கை வென்றது 2004இல். இருபது ஆண்டு ஏக்கத்தைத் தீர்த்தவர்கள் பெண்கள். கழகத்தின் தற்போதைய நிலையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்தால், முறையாகத் திட்டமிட்ட ஓர் அணிக்கு அந்தச் சட்டையின் பாரம்பரியம் பாரமாக இருப்பதில்லை, பலமாகவே இருக்கிறது என்பது விளங்கும்.

வெலிமடையிலும் பதுளையிலும் இதைப் படிக்கும் நமக்கு இந்தக் கதையில் என்ன இருக்கிறது? கல்கத்தாவின் வெற்று நிலங்களில் அகதிகள் குடிசை போட்ட அதே 1948இல்தான் நம்மவரின் பிரஜாவுரிமையைப் பறித்த 18ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. வேர் பறிக்கப்பட்ட அனுபவத்தில் நாம் அவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். உதைபந்தின்மேல் ஆசையிலும் குறைந்தவர்கள் அல்லர். குறைந்தது ஒன்று: அந்த ஆசைக்கு நிலைத்த வடிவம். தோட்டத்து மைதானம் தோட்டத்தின் காணி. அந்தக் காணி 1992இலிருந்து கம்பனிகளின் நிர்வாகத்தில். விழாவுக்குச் சேரும் அணி விழா முடிந்ததும் கலைந்துவிடும். 2021இல் தொடங்கிய இலங்கை சுப்பர் லீக்கின் பத்துக் கழகங்களில் மலைநாட்டின் பெயரால் ஆடியது நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் மட்டும். ஊவாவிலிருந்து ஒன்றும் இல்லை. தேசிய மட்டத்திலும் நிர்வாகச் சிக்கலின் விலையை நாம் அறிவோம்: 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் வரை நம் அணி சர்வதேச ஆட்டம் எதிலும் இறங்க முடியவில்லை.

பணம் இல்லாத இடத்தில் கழகம் பற்றிப் பேசுவது கனவு என்பார்கள். ஈஸ்ட் பெங்காலின் நூறு ஆண்டுகள் காட்டும் பாடம், பணம் வரும்போது அதை எந்த நிபந்தனையில் ஏற்பது என்பதைப் பணம் வருமுன்பே தீர்மானிக்க வேண்டும் என்பதுதான். அதற்கு முதலீடு வேண்டாம். யாப்பு ஒன்று, உறுப்பினர் பட்டியல் ஒன்று, ஆண்டுதோறும் கூடும் பொதுக்கூட்டம், எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்குப் புத்தகம், பெண்பிள்ளைகளுக்கும் ஓர் அணி: இவ்வளவும் தோட்டப் பிரிவு ஒன்றில் இருபது பேர் சேர்ந்தால் செய்யக்கூடியவை. ஊவாத் தோட்டங்களில் அணி வைத்திருக்கும் இளைஞர்கள் அடுத்த சுற்றுப்போட்டிக்குச் சட்டை தைக்குமுன் இந்த யாப்பை எழுதட்டும். விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதிவு செய்யட்டும். மைதானத்தின் பாவனை உரிமையைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கட்டும்.

அடுத்த பகுதியில், 1930களில் கல்கத்தா லீக்கைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற மொகமடன் ஸ்போர்ட்டிங் கழகம்.